எமகண்டத்தில் நின்ற மின்சாரம்

டாக்டர் நசீமா படத்தைத் திரையில் பெரிதாக்கினார். சாம்பல் நிறத்தில் ஒரு மூச்சுக்குழாய். அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம்.

"என்ன தெரியுது, கோபிகா?"

கோபிகா முன்னால் சாய்ந்து பார்த்தாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனி செய்த வளையம். ஓரங்கள் கூர்மையாக இருந்தன. சுவர் எங்கும் ஒரே தடிமன். விரிசல் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு, டாக்டர்."

"அதுதான் பிரச்சினை. இந்நேரம் அது நல்லா இருக்கக் கூடாது."

குழந்தையின் பெயர் அதிரா. பிறக்கும்போதே அவளுடைய மூச்சுக்குழாய் துவண்டிருந்தது. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் ஈரத்துணிபோல ஒட்டிக்கொண்டது. கைக்குழந்தையாக இருந்தபோதே நசீமா அவள் மார்பைத் திறந்து, குழாயைச் சுற்றி ஒரு தாங்கியை வைத்துத் தைத்தார். பாலிமரால் ஆன தாங்கி. குழாயை மூடவிடாமல் அது பிடித்துக்கொண்டிருக்கும். குழந்தையின் குருத்தெலும்பு கெட்டிப்பட கெட்டிப்பட, தாங்கி கரைந்துகொண்டே வரும். பள்ளிக்கூடம் போகும் வயதில் அப்படி ஒன்று இருந்த சுவடே இருக்காது.

அதிராவுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. தாங்கி நேற்று வைத்ததுபோல் இருந்தது.

"கொழந்தை வளருது. வளையம் வளராது" என்றார் நசீமா. "கைக்குழந்தைக்குப் போட்ட காப்பைக் கழட்டாமலே விட்டா என்ன ஆகும்? அதேதான். இங்க இறுக்கறது கையை இல்ல, மூச்சை."

"எவ்வளவு நாள் இருக்கு?"

"தீபாவளி வரைக்கும் ஓட்டலாம். சளி புடிச்சா அதுகூடச் சொல்ல முடியாது."

"மறுபடி ஆபரேஷன்?"

"வளையத்து மேல சதை மூடியிருக்கு. ஒட்டினாப்புல பெரிய ரத்தக்குழாய். செய்னு சொன்னா செய்வேன். கொழந்தையை உயிரோட திருப்பித் தருவேன்னு மட்டும் அந்த அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

கோபிகா மறுபடி படத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடங்களாக அவள் பார்த்த தாங்கிகளிலேயே குறை இல்லாதது அதுதான் என்று தோன்றியது.

*

கோயமுத்தூரை ஒட்டிய மலுமிச்சம்பட்டியில் கம்பெனியின் ரியாக்டர்கள் பெரியவை அல்ல. ஒவ்வொன்றும் கல்யாண வீட்டுப் பிரஷர் குக்கர் அளவு. உள்ளே இரண்டு வகைச் சரக்கு கலந்து கிடக்கும். ஒன்று உடம்பில் கரைவது. இன்னொன்று லேசில் கரையாமல் தாங்குவது. இரண்டையும் கோத்துச் சங்கிலியாக்குவது இரும்பு. சாதாரண இரும்பு அணு. அதற்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தால் கரையும் சரக்கை எடுத்துக் கோக்கும். அந்த எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டால் தாங்கும் சரக்கை எடுத்துக் கோக்கும். வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு ஏற்ப சங்கிலியில் எது எங்கே வரவேண்டுமோ அது அங்கே வரும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தனி ஏற்ற இறக்கம். அதை எழுதுவது என்றுதான் ஆய்வகத்தில் சொல்வார்கள்.

அதிராவின் தாங்கியை எழுதியவள் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. கோபிகாவுக்கு ஏழெட்டு வயது இளையவள். கோபிகா படத்தைக் காட்டியதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அக்கா, இது திருச்செங்கோட்டுப் புள்ளைக்குச் செஞ்சதா?"

"ஆமா. ஏன்?"

"அன்னிக்கு நடுவுல நிறுத்துனேன். நாந்தான் நிறுத்துனேன்."

"எதுக்கு?"

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டாள். கை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"மார்க்கெட்டிங்காரங்க ஒரு செய்தி அனுப்புவாங்கல்லா? 'உங்கள் செல்லத்துக்கான தாங்கி இப்போது உருவாகிக்கொண்டிருக்கிறது'ன்னு, பூவெல்லாம் போட்டு. அதப் பாத்துட்டு அந்தம்மா போன் பண்ணுச்சு. நான் எடுத்தேன். 'இப்ப எமகண்டம் ஆரம்பிக்குது, என் புள்ள மூச்சுக்கொழாய எமகண்டத்துல செய்யாதீங்க'ன்னு ஒரே அழுகை."

"நீ ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ."

"எனக்கு எமகண்டம் கெடையாதுதான். அவளுக்கு உண்டுல்லா? எமன் பேரு வச்ச நேரத்துல புள்ளைக்கு மூச்சு செய்யுதாங்கன்னா எந்தத் தாயிக்கு மனசு கேக்கும்? கரண்ட நிறுத்தி பாத்திரத்தக் குளுர வச்சா சங்கிலி தூங்கத்தான் செய்யும், சாவாது. ஒன்றரை மணி நேரந்தான. நாம டீ குடிக்கப் போவமே, அப்படி நெனச்சேன். பெறவு எழுப்பி விட்டுட்டேன்."

"கரண்ட நிறுத்தின. ப்ரோக்ராம நிறுத்தினியா?"

"திரையில நிறுத்தம்னுதான் காட்டுச்சு."

"கரண்ட் நின்னதைத்தான் அது காட்டியிருக்கு."

ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்தாள்.

மின்சாரம் நின்றது. ஏற்ற இறக்கத்தின் கடிகாரம் நிற்கவில்லை. பேனாவைத் தூக்கிக்கொண்டு தாளை மட்டும் நகர்த்தியதுபோல அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கரையும் கண்ணிகள் வரவேண்டிய இடமெல்லாம் அந்த எமகண்டத்தில் கடந்து போயிற்று. பேனா மறுபடி தாளைத் தொட்டபோது தாங்கும் பகுதி வந்திருந்தது.

"டெஸ்ட்ல எப்படிக்கா தப்பிச்சிச்சு?"

"இழுத்துப் பாத்தோம், அறுகல. அழுத்திப் பாத்தோம், நசுங்கல. மத்ததை விட இது உறுதியா இருந்துச்சு. சபாஷ்னு கையெழுத்துப் போட்டேன்."

"நீங்களா?"

"நானேதான். வா, அதோட ஜோடியைப் பாப்போம்."

ஒவ்வொரு தாங்கியோடும் அதே பாத்திரத்தில் ஒரு சிறு துண்டு பிறக்கும். அது குழந்தைக்குப் போகாது. பின்னால் ஏதாவது தகராறு வந்தால் எடுத்துப் பார்க்க கம்பெனியின் அலமாரியில் இருக்கும். கோபிகா துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். மற்றவை பால் வெள்ளை. இது இளந்தேயிலை நிறத்தில் இருந்தது. முன்பும் பார்த்திருக்கிறாள். பொருட்படுத்தியதில்லை.

"ஜெசி, கோத்து முடிச்சதும் அமிலம் விட்டு இரும்பைக் கொல்லணுமே, கொன்னீங்களா?"

"அது தானா நடக்கும்லா?"

"தடங்கல் வந்தா தானா நடக்காது. யாராவது வந்து சரின்னு அமுக்கற வரைக்கும் மெஷின் காத்திருக்கும்."

"என் ஷிஃப்ட் முடிஞ்சு போச்சு. அடுத்து வந்தவங்க பாத்திரத்தத் தெறந்து எடுத்திருப்பாங்க."

கோபிகா துண்டை இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் வைத்தாள். கையில் பட்டால் உணர முடியாத அளவு மின்சாரம் கொடுத்தாள். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஜெசிந்தா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். கோபிகா சாப்பிடவில்லை. மத்தியானம் கழிந்து இடுக்கியால் தொட்டபோது துண்டு வளைந்து கொடுத்தது.

கோக்கச் சரக்கு இல்லாதபோது அதே இரும்பு பின்னோக்கி வேலை செய்யும். கோத்ததை அவிழ்க்கும்.

"உயிரோட இருக்குக்கா" என்றாள் ஜெசிந்தா. குரல் தானாகவே இறங்கிவிட்டது. "அந்தப் புள்ளைக்க உள்ளயும் இப்படித்தான் இருக்கும்."

*

நிர்வாக இயக்குநர் சபரிகிரீசன் கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். ஜெசிந்தாவைச் சில நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். அதையும் அமைதியாகவே சொன்னார்.

"குழந்தையோட அம்மாகிட்ட 'உடம்போட அபூர்வமான எதிர்வினை'ன்னு சொல்லலாம். முழுப் பொய்யும் இல்ல. செலவு எல்லாம் நாம ஏத்துக்குவோம்."

"கழுத்துல ஒரு பட்டையைக் கட்டி, வெளியில இருந்து கரண்ட் குடுத்து கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தலாம்னு நெனைக்கறேன் சார். வேகமாப் போனா குழாய் மடிஞ்சிரும். மெதுவாத்தான் செய்யணும். பல வாரம் ஆகும்."

சபரிகிரீசன் பேனாவை மூடினார்.

"வெளியில இருந்துன்னா, இங்க இருந்தே செய்யலாமா? நெட்ல?"

"செய்யலாம்."

"எந்தக் குழந்தைக்கும்? இரும்பைக் கொல்லாம விட்டா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை அவர் கண்ணுக்கு ஆயிரம் குழந்தையாகிக்கொண்டிருந்தது.

"யோசிச்சுப் பாரு கோபிகா. உடம்புக்குள்ள வெச்ச பிறகும் நாம பாத்துக்கலாம். கூட்டலாம், குறைக்கலாம். வீட்ல குடுத்தா தப்பாப் பண்ணிருவாங்க. கட்டுப்பாடு நம்மகிட்ட இருந்தாத்தான் பத்திரம்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

நசீமாவுக்குப் போன் செய்தாள். பட்டை வைத்தியத்துக்கு நசீமா உடனே சம்மதித்தார். பிறகு சொன்னார்: "எல்லாத்தையும் சொல்லு. எமகண்டத்தை மட்டும் சொல்லாதே. அந்தப் பொண்ணு தாங்க மாட்டா."

*

திருச்செங்கோட்டில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அதிராவின் அம்மா தெய்வானையின் வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் பள்ளி வேன் நின்றது. அவள்தான் அதை ஓட்டுபவள். கணவன் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தான். பொங்கலுக்குத்தான் வருவான். அதிரா வேனின் படியில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளையோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூச்சு விடும்போது மெல்லிசாக விசில் அடித்தது.

"வாங்க மேடம். காப்பியா, மோரா?"

"இப்ப வேண்டாங்க. மொதல்ல பேசிடறேன்."

"மொதல்ல பேசிடறேன்னு சொல்றவிக நல்ல சேதி கொண்டாரதில்லீங்க" என்று சொல்லி தெய்வானை குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க. டாக்டரம்மா பாதி சொன்னாங்க. வளையம் கரையலீன்னாங்க. ஏன் கரையலீங்க?"

"அது செய்யறப்ப ரெண்டு சரக்கு போடுவோம். கரையறதுக்கு ஒண்ணு, தாங்கறதுக்கு ஒண்ணு. நடுவுல இரும்பு."

"இரும்புன்னா? ஆணி கீணியா?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. உங்க வேன் கதவு மாதிரின்னு வெச்சுக்குங்க. கைப்பிடியை இப்படித் திருப்பினா நீலச் சட்டைப் புள்ளைக மட்டும் ஏறும். அப்படித் திருப்பினா பச்சைச் சட்டைப் புள்ளைக மட்டும் ஏறும். கரண்ட்தான் கைப்பிடி."

"அந்த மாதிரி ஒரு கதவு எனக்கும் பண்ணிக் குடுங்க மேடம். காலைல எல்லாம் ஒண்ணா வந்து உழுகுதுக."

கோபிகா சிரித்தாள். சிரித்த பிறகு பேசுவது இன்னும் கடினமாகிவிட்டது.

"அன்னைக்கு நடுவுல கரண்ட் நின்னுபோச்சுங்க. நீலச் சட்டை ஏற வேண்டிய நேரம் வீணாப் போச்சு. பச்சைச் சட்டையே வண்டி பூரா ஏறிருச்சு."

"ஏன் நின்னுச்சு? கரண்ட் கட்டுங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தத் தமிழ்நாட்டில் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். கோபிகா குழந்தையைப் பார்த்தாள். அது செருப்பை அவளிடம் நீட்டியது. வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போன் பண்ணீங்க" என்றாள்.

தெருவில் ஒரு டிவிஎஸ் போயிற்று. அது திரும்பி மறையும்வரை தெய்வானை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எமகண்டம்னு சொன்னேன்."

"ஆமாங்க."

"அந்தப் பொண்ணு, நிறுத்திட்டேங்க்கா, நிம்மதியா இருங்கன்னு சொல்லுச்சு. அன்னைக்குத்தானுங்க எனக்குத் தூக்கமே வந்துச்சு." பிறகு சொன்னாள்: "அப்ப நானே என்ற கொழந்தை கழுத்துல கைய வெச்சிருக்கறனுங்களா?"

"இல்லீங்க. நீங்க கேட்டீங்க. பெத்தவங்க கேக்கத்தான் செய்வாங்க. முடியாதுன்னு நாங்க சொல்லிருக்கணும். இல்லாட்டி ஒழுங்கா நிறுத்திருக்கணும். ரெண்டும் செய்யல. அதுக்கு மேல, பாத்து அனுப்பற கையெழுத்து என்னுது."

தெய்வானை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கோபிகா பட்டையைப் பற்றிச் சொன்னாள். இரும்பு சாகாமல் இருப்பதைச் சொன்னாள். அது எப்படிச் சாகாமல் தப்பியது என்பதையும் சொன்னாள். தெய்வானை நிமிர்ந்தாள்.

"அப்ப நிறுத்துனதுனாலதான் இப்ப காப்பாத்த வழி இருக்குதுங்களா?"

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடலாம். கோபிகாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"இல்லீங்க. நிறுத்தாம இருந்திருந்தா அது பாட்டுக்குக் கரைஞ்சிருக்கும். நான் இங்க வரவே வேண்டியிருந்திருக்காது."

தெய்வானை அவளையே பார்த்தாள்.

"ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பனுங்க."

"தெரியும்."

"சரி. இனி நீங்க சொல்றத நம்பறேன். அந்தப் பட்டைய ஆரு போட்டு உடறது?"

"நீங்க கட்டி விடுவீங்க. கரண்ட நாங்க கோயமுத்தூர்ல இருந்து நெட்ல குடுப்போம்."

"வண்டி ஓட்டறது நானு, பிரேக்கு உங்க ஆபீஸ்லயா?"

"பத்திரத்துக்குத்தாங்க."

"ஆருக்குப் பத்திரம்? டவர் போயிருச்சுன்னா? நாளைக்கு உங்க கம்பெனிய வேற எவனாச்சும் வாங்கிப்புட்டான்னா? கொழந்தை என்ற மடில கெடக்கும், சுவிச்சு எந்த ஊர்லயோ கெடக்கும். அது ஆகாதுங்க மேடம். கரண்ட் குடுக்கற பொட்டிய என்ற கைல குடுங்க. இல்லீன்னா ஆபரேசனே பண்ணட்டும்."

அவள் குரல் உயரவே இல்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் பிள்ளைகளிடம் இறுதியாகச் சொல்வதைச் சொல்லும் குரல் அது.

"குடுக்கறேன்" என்றாள் கோபிகா. அப்படிக் கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. சொன்ன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அதிரா செருப்பைத் திருப்பிக் கேட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தது.

*

சபரிகிரீசன் இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் நசீமா அவரிடம் நேரில் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று யாரும் சொல்லவில்லை. பெட்டி தாயிடம் இருக்கலாம் என்று முடிவாயிற்று. ஒரு அளவுக்கு மேல் போகாதபடி கோபிகா அதைப் பூட்டினாள். நெட் இணைப்பைக் கழற்றினாள்.

முதல் தடவை மருத்துவமனையில் நடந்தது. அதிராவை மயக்கத்தில் படுக்க வைத்து, நசீமா மூக்கு வழியாகக் காமிராக் குழாயை இறக்கினார். ஏதாவது ஆனால் உடனே மார்பைத் திறக்க இன்னொரு குழு பக்கத்து அறையில் கை கழுவிக் காத்திருந்தது. ஜெசிந்தாவும் வந்திருந்தாள். வாசலுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றாள்.

தெய்வானை அவளை நெருங்கிப் போய்ப் பார்த்தாள்.

"நீதானா கண்ணு அன்னைக்கு நிறுத்துனது?"

"ஆமாக்கா. என்னைய மன்னிச்சிருங்க."

"நாங் கேட்டேன், நீ செஞ்ச. அதுக்கு உன்ற வேலை போயிருச்சாமா?"

"போவல. வீட்ல இருக்கச் சொல்லிருக்காங்க. அதான் நேரம் கெடக்குன்னு வந்தேன்."

"வந்தவ இங்கெதுக்கு நிக்கற? உள்ள வா. நீயும் நானும் சேந்து பண்ணுன வேலை. சேந்தே பாப்போம்."

துணிப்பட்டையைக் குழந்தையின் கழுத்தில் சுற்றினார்கள். பெட்டி தெய்வானையின் மடியில் இருந்தது. ஒரே ஒரு பொத்தான். நசீமா தலையசைத்தார். தெய்வானையின் கட்டைவிரல் அதன் மேல் நின்றது. அமுக்கவில்லை.

"அக்கா" என்றாள் ஜெசிந்தா. "நான் வேணா..."

"வேண்டாம்."

அமுக்கினாள்.

திரையில் இளஞ்சிவப்புக் குழாய் விரிந்து சுருங்கியது. விரிந்து சுருங்கியது. வேறு எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார்கள். எதுவும் நடக்காததுதான் நல்லது என்று நசீமா சொல்ல வேண்டியிருந்தது.

தினமும் காலையில் குழந்தை தூங்கும்போது ஒரு தடவை. மாதம் ஒரு படம். அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள்.

*

அடுத்த படத்தில் மாற்றம் எதுவும் பிடிபடவில்லை. அதற்கு அடுத்த மாதம் நசீமா கோபிகாவை வரச்சொன்னார். ஜெசிந்தாவையும் கூட்டிவரச் சொன்னார். தெய்வானையும் அதிராவோடு வந்திருந்தாள்.

திரையில் வளையம் இல்லை. அல்லது, முழு வளையமாக இல்லை. ஆறு அரித்த கரைபோல் இருந்தது. சில இடங்களில் காகிதம்போல் மெலிந்திருந்தது. சில இடங்களில் அற்றே போயிருந்தது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பழைய தடிமன்.

"இந்த இடம் பாரு" என்று நசீமா பேனாவால் தொட்டார். "இங்க குருத்தெலும்பு நல்லாக் கெட்டியாயிருச்சு. தாங்கி போயிருச்சு. இங்க இன்னும் பிஞ்சு. தாங்கி அப்படியே நிக்குது. எங்க தேவையோ அங்க மட்டும் விட்டு வெச்சிருக்கு. நானே கத்தி எடுத்துச் செதுக்கியிருந்தாலும் இவ்வளவு சரியா வந்திருக்காது. எப்படிப் பண்ணினீங்க?"

கோபிகா திரையையே பார்த்தாள்.

"நாங்க பண்ணல டாக்டர். பட்டை எல்லா இடத்துக்கும் ஒரே அளவாத்தான் கரண்ட் குடுக்கும். இப்படி இடம் பாத்துக் குடுக்க அதுக்குத் தெரியாது."

தெய்வானை தொண்டையைச் செருமினாள்.

"மேடம், ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"மொத வாரம் போட்டனுங்க. அப்பறம் போடலீங்க."

நசீமா சுழல் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"போடலீன்னா?"

"பட்டையக் கட்டுவேன். பொட்டிய எடுப்பேன். கொழந்தை தூங்கற மூஞ்சியப் பாப்பேன். வெச்சிருவனுங்க. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்னு... பிரேக்கு வேணும்னு சண்டை போட்டு வாங்கினேன். மிதிக்கத் தைரியம் வரலீங்க."

"தீபாவளி போயிருச்சு! கரையாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?" நசீமா எழுந்தே விட்டார். "போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேனே!"

"திட்டுங்க டாக்டரம்மா. நல்லாத் திட்டுங்க."

கோபிகாவின் காதில் அது எதுவும் விழவில்லை. யாரும் மின்சாரம் கொடுக்கவில்லை. வளையம் கரைந்திருக்கிறது. கெட்டியான குருத்தெலும்பின் ஓரத்தில் மட்டும் கரைந்திருக்கிறது.

"ஜெசி, குருத்தெலும்பை அழுத்தினா என்ன வரும்?"

"நீர் நகரும்." ஜெசிந்தா நிறுத்தினாள். அவள் வாய் திறந்தபடியே நின்றது. "நீரோட உப்பும் நகரும். அப்ப துளிக் கரண்ட் வரும்லாக்கா."

"பிஞ்சுல?"

"பிஞ்சுல வராது. வந்தாலும் பத்தாது."

நசீமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கும் புரியற மாதிரி பேசுங்க."

"டாக்டர், நாம மொத வாரம் குடுத்தது தூங்கின இரும்பை எழுப்பி விட்டிருக்கு. அதுக்கப்பறம் நம்ம கரண்ட் தேவைப்படல. அவளோட சொந்தக் குருத்தெலும்பு குடுத்திருக்கு. அவ இருமறப்ப, சிரிக்கறப்ப, கத்தறப்ப கொஞ்சம் கொஞ்சமா. எந்த இடம் கெட்டியாச்சோ அந்த இடம் மட்டும் இரும்புகிட்ட பேசியிருக்கு. இனி நானே பாத்துக்கறேன், நீ போன்னு."

அதைச் சொன்னதும் அவளுக்கே சந்தேகம் வந்தது. "அப்படித்தான் நெனைக்கறேன். ஒரே ஒரு படத்தை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. அந்தச் சின்னத் துண்டு மேல குருத்தெலும்பை வளத்து, அழுத்திப் பாக்கணும். அதுவரைக்கும் வாராவாரம் படம் எடுக்கணும்."

"எடுக்கறேன்" என்றார் நசீமா. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "எத்தனை கொழந்தைக்கு மார்பைத் திறந்திருக்கேன் தெரியுமா? எல்லாத்துக்கும் ஒரு கணக்குப் போட்டு, இத்தனை மாசத்துல கெட்டியாகும்னு நாமளே முடிவு பண்ணி... எந்தக் கொழந்தையும் நம்ம கணக்குப்படி வளந்ததில்ல."

தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மேடம், அப்ப கத்தறது நல்லதுங்களா?"

"நல்லதுன்னுதான் தோணுது."

"மூச்சு முட்டிரும்னு ரெண்டு வருசமா இவள ஒரு சொட்டு அழுக உடலீங்க. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்துருவேன். எங்க மாமியா, நீ புள்ளை வளத்தலை, மகாராணி வளத்தறேன்னு திட்டும்."

ஜெசிந்தா முதலில் சிரித்தாள். பிறகு நசீமா. தெய்வானை எழுந்து, அதிராவின் கையிலிருந்த மருத்துவமனைப் பேனாவை மெல்ல உருவினாள். அதிரா நம்ப முடியாமல் வெறும் கையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அறைக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நசீமா கையைக் காட்டி அவர்களைப் போகச் சொன்னார். குழந்தை மூச்சை இழுத்தது. முழு மூச்சு. விசில் இல்லை. மறுபடி கத்தியது. கத்திக்கொண்டே கதவைத் தள்ளித் திறந்து வெளியே ஓடியது. தெய்வானை பின்னால் ஓடவில்லை. நடந்தே போனாள்.

கோபிகாவின் போன் அடித்தது. சபரிகிரீசன்.

"படம் வந்துருச்சாமே? நல்ல சேதின்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா சார்."

"சந்தோஷம். ரொம்ப சந்தோஷம். இங்க முதலீட்டாளர்கள் உக்காந்திருக்காங்க. அடுத்த தாங்கியிலேருந்து எல்லாத்துலயும் இரும்பை விட்டு வைக்கறதா சொல்லியிருக்கேன். ஒண்ணுதான் கேக்கறாங்க. கட்டுப்பாடு யார்கிட்ட இருக்கு? அந்த அம்மாகிட்ட இருந்து பெட்டியைத் திரும்ப வாங்கியாச்சா?"

"பெட்டியில ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப சுவிட்ச் எங்க இருக்கு?"

கோபிகா கதவுக்கு வெளியே பார்த்தாள்.

"வராண்டாவுல ஓடிட்டிருக்கு" என்றாள்.